கற்கும் பொறிக்கு உறுப்புகளைத் தெரிந்தெடுத்தல்: புணே நகரின் அனுபவம்

1988ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் மத்திய அரசினர் புணே நகரில் ஒரு புதிய நிலையத்தைத் தோற்றுவித்தனர். சி-டாக் எனச் சுருக்கமாக வழங்கப்பெறும் அவ்வுயர்நிலைக் கணிப்பு வளர்ச்சி மையத்திற்கு விஜய் பட்கர் தலைமை தாங்கினார். காலம் மூன்று ஆண்டுகள். பொருள் ஏறத்தாழ 30 கோடி ரூபாய். அதற்குள் நொடி ஒன்றுக்கு 100 கோடி கணக்குகளைச் செய்யவல்ல கணிப்பொறி ஒன்றை உருவாக்குதல் வேண்டும். அதனை எந்த உறுப்புகளைக் கொண்டு கட்டுவது என்பதே நிபுணர்கள் முதற்கண் விடை காண வேண்டியிருந்த வினாவாகும்.

அதே வினா, மிகச் சிறிய அளவில், இன்று பள்ளி ஆசிரியர்களிடமும் வேளாண்மைத் துறைக் களப்பணியாளர்களிடமும் எழுகின்றது. படங்களையோ சொற்களையோ ஏராளமாகக் காட்டி, அவற்றினின்று பொறி தானே வேறுபாடுகளை உணர்ந்துகொள்ளுமாறு பயிற்றும் இயந்திரக் கற்றல் முறை, இப்பொழுது பெரிய ஆராய்ச்சிச் சாலைகளுக்கு மட்டும் உரியதன்று. ஓய்வு நேரத்தில் ஆர்வத்தின் பொருட்டு இம்முயற்சியில் இறங்குவோர் பலர். கடைக்குச் சென்றதும் அவர்களைத் திகைக்கச் செய்வது உறுப்புகளின் மிகுதியே. செலவிடும் தொகையோ ஓர் ஆசிரியரின் ஓரிரு மாதச் சம்பளத்தை எளிதில் விழுங்கிவிடும். தவறான உறுப்பை வாங்கிவிட்டால் அதைத் திருத்திக்கொள்ள மறு ஆண்டு வரை காத்திருக்க நேரும். புணேயில் நிகழ்ந்த தெரிவைப் பற்றிச் சிறிது விரிவாக அறிவது இவர்களுக்குப் பயன் தரும்.

1980-களில் மீத்திறன் கணிப்பொறி என்றால் அமெரிக்க நாட்டின் க்ரே பொறியே எல்லோர் நினைவுக்கும் வரும். பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்திற்கென நமது நாடு கேட்ட பொறியை அமெரிக்க அரசினர் தர இசையவில்லை. வானிலை முன்னறிவிப்புப் பணிக்கு மட்டும், அதனினும் சிறிய ஒன்று, கடுமையான நிபந்தனைகளோடு வந்து சேர்ந்தது. க்ரே பொறியின் வலிமை அதனுள் அமைந்த மிக விரைவான, மிக விலையுயர்ந்த ஒரு சில கணக்கீட்டு உறுப்புகளில் இருந்தது. அத்தகைய உறுப்பு கிடைக்காத நிலையில், கடையில் எவரும் வாங்கக்கூடிய சிறிய உறுப்புகள் பலவற்றை இணைத்து அவற்றிடம் வேலையைப் பங்கிட்டுக் கொடுப்பதே புணே நிபுணர்கள் கைக்கொண்ட வழி.

அவர்கள் தெரிந்தெடுத்த உறுப்பு, இங்கிலாந்து நாட்டுப் பிரிஸ்டல் நகரின் இன்மோஸ் கம்பெனியார் செய்த டிரான்ஸ்பியூட்டர் என்னும் சில்லு. அதன் டி-800 என்ற வகை 1987இல் வெளிவந்தது. பின்ன எண்களைக் கொண்ட கணக்குகளை நொடிக்குப் பதினைந்து லட்சம் அளவில் அது செய்தது. இவ்வேகம் தனியே நோக்கின் வியப்புக்குரியதன்று. அச்சில்லின் சிறப்பு வேறிடத்தில் இருந்தது. அண்டையிலுள்ள சில்லுகளோடு நேரே பேசுவதற்கென நான்கு இணைப்பு வாய்கள் அதனுள்ளேயே அமைக்கப்பட்டிருந்தன. ஒவ்வொரு வாயிலும் நொடிக்கு இரண்டு கோடி பிட் வரை செய்தி செல்லும். வேறு துணை உறுப்புகள் இன்றியே சில்லுகளைக் கோலத்தின் புள்ளிகளைப்போல் வரிசையாக வைத்துக் கோடிழுத்து இணைத்துவிடலாம். 1991இல் வெளியிடப்பெற்ற பரம்-8000 என்னும் பொறி இவ்வாறு 64 சில்லுகளைக் கொண்டு கட்டப்பட்டது. இதன் அமைப்பிலேயே சில்லுகளின் தொகையை மேன்மேலும் பெருக்கிக்கொள்ளவும் இடமிருந்தது. பிற்காலத்தில் ரஷ்யா, ஜெர்மனி முதலிய நாடுகளுக்கும் இப்பொறி அனுப்பப்பட்டது.

கணக்கிடும் வேகத்தினும் எண்கள் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குச் செல்லும் பாதையே முக்கியம் என்பது இத்தெரிவின் உட்பொருள். பத்துச் சமையற்காரர்களை ஒரே அடுக்களையில் நிறுத்தி, காய்கறி கொணர ஒருவனை மட்டும் சந்தைக்கு அனுப்பினால், ஒன்பதுபேர் கைகட்டி நிற்பார்கள். அமெரிக்க நிபுணர் ஜீன் அம்டால் 1967இலேயே இதையொத்த ஓர் எல்லையைக் கணக்காகக் காட்டியிருந்தார். ஒரு வேலையில் பத்தில் ஒரு பங்கு பங்கிட முடியாததாயின், ஆயிரம் சில்லுகளை இணைத்தாலும் அவ்வேலை பத்து மடங்குக்கு மேல் விரைவுபடாது.

டிரான்ஸ்பியூட்டரின் பிற்கால வரலாறும் நோக்கத்தக்கது. இன்மோஸ் கம்பெனி 1989இல் எஸ்.ஜி.எஸ்.-தாம்சன் கம்பெனியின் வசமாயிற்று. அடுத்த தலைமுறைச் சில்லான டி-9000 நீண்டகாலம் தாமதப்பட்டது. அது வந்தபோது பிறருடைய சில்லுகள் அதனை வேகத்தில் விஞ்சியிருந்தன. சி-டாக் நிபுணர்கள் அதற்காகக் காத்திருக்கவில்லை. 1992இல் பரம்-8600 பொறியில் கணக்கிடும் பணியை இண்டெல் கம்பெனியின் ஐ-860 சில்லிடம் ஒப்படைத்து, செய்தி கடத்தும் பணியை டிரான்ஸ்பியூட்டரிடமே விட்டனர். 1994இல் வந்த பரம்-9000இன் அமைப்பையோ, எந்தக் கம்பெனியின் சில்லையும் கழற்றி மாட்டத்தக்கதாகவே மாற்றிவிட்டனர். சன் கம்பெனியின் சில்லு கொண்டதும், டெக் கம்பெனியின் ஆல்ஃபாச் சில்லு கொண்டதும் என அதில் வகைகள் உண்டு. ஒரே கம்பெனியை நம்பிப் பொறி கட்டுவதிலுள்ள இடரை அவர்கள் மூன்றே ஆண்டுகளில் கண்டுகொண்டனர் எனலாம்.

இன்றைய ஆர்வலர் வாங்கும் கிராபிக்ஸ் கார்டும் இவ்வழியில் வந்ததே. திரையில் படம் வரைவதற்கென்று பிறந்த இவ்வுறுப்பில் ஆயிரக்கணக்கான சிறு கணக்கீட்டு அலகுகள் ஒருங்கே இயங்குகின்றன. 2007இல் என்விடியா கம்பெனியார் கூடா என்னும் மென்பொருளை வெளியிட்டு, படம் தவிர்ந்த பிற கணக்குகளையும் அவ்வலகுகளிடம் பங்கிடுவதற்கு வழிசெய்தனர். 2012இல் கனடாவின் டொராண்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அலெக்ஸ் கிரிஷெவ்ஸ்கி என்ற மாணவர், இலியா சுட்ஸ்கேவர், ஜெஃப்ரி ஹிண்டன் ஆகியோருடன் இணைந்து, பன்னிரண்டு லட்சம் படங்களை ஆயிரம் வகைகளாகப் பிரித்தறியும் வலையமைப்பு ஒன்றைப் பயிற்றினார். அதற்குப் பயன்பட்டவை விளையாட்டுப் பிரியர்கள் வாங்கும் ஜி.டி.எக்ஸ். 580 என்ற கார்டுகள் இரண்டே. ஐந்தாறு நாள்களில் பயிற்சி முடிந்தது. அவ்வாண்டுப் போட்டியில் அது அடைந்த வெற்றி இத்துறையின் போக்கையே மாற்றிவிட்டது. கார்டு இரண்டாக நேர்ந்ததன் காரணம் வேகக் குறைவு மட்டுமன்று. ஒவ்வொன்றின் நினைவகமும் மூன்று கிகாபைட்டே ஆதலின் முழு வலையமைப்பும் ஒன்றில் அடங்கவில்லை. ஆகவே அதை இரண்டாகப் பிளந்து ஒவ்வொரு பாதியை ஒவ்வொரு கார்டில் வைத்தனர்.

எனவே கார்டு வாங்குவோர் முதலில் கேட்கவேண்டியது எத்துணை விரைவு என்பதன்று. எத்துணை இடம் என்பதே. இதனைத் தாமே கணக்கிட்டுக்கொள்வது எளிது. வலையமைப்பில் உள்ள ஒவ்வோர் எண்ணும் வழக்கமான முறையில் 4 பைட் இடம் பிடிக்கும். பயிற்றும்போது அவ்வெண், அதனைத் திருத்தவேண்டிய அளவு, முன் திருத்தங்களின் நினைவாக மேலும் இரண்டு என நான்கு எண்கள் வேண்டப்படும். ஆக 16 பைட். படங்களை இனங்காண்பதற்குப் பெரிதும் கையாளப்படும் ரெஸ்நெட்-50 என்னும் வலையமைப்பில் இரண்டரைக் கோடி எண்கள் உள்ளன. அதற்கு வேண்டுவது நாற்பது கோடி பைட். அஃதாவது அரை கிகாபைட்டுக்கும் குறைவு. ஒரே தடவையில் 32 படங்களை உள்ளே செலுத்தினால் இடைநிலைக் கணக்குகளுக்கு மேலும் சில கிகாபைட் வேண்டும். ஆகவே இலைகளின் படங்களைக் கொண்டு பயிர் நோயை இனங்காண விரும்பும் ஒருவருக்கு 8 கிகாபைட் நினைவகம் தாராளமாகப் போதும். விலையுயர்ந்த கார்டுக்கு அவர் பொருள் செலவிடுவது வீண்.

மொழியைக் கையாளும் வலையமைப்புகளின் நிலை வேறு. 100 கோடி எண்களைக் கொண்ட, இக்காலத்தில் சிறியதெனக் கருதப்படும் ஒன்றை முழுமையாகப் பயிற்றவே 16 கிகாபைட் வேண்டும். பயிற்றாமல் பிறர் பயிற்றி வைத்ததை இயக்கிப் பார்ப்பது மட்டுமே நோக்கமாயின் சுமை குறையும். 700 கோடி எண்களை, எண்ணுக்கு 2 பைட் வீதம் வைத்தால் 14 கிகாபைட்; அரை பைட் வீதமாகச் சுருக்கினால் மூன்றரை கிகாபைட். சுருக்குவதால் விடையின் தரம் ஓரளவு குன்றும்.

பாதையின் முக்கியத்துவம் இங்குத் தெளிவாகப் புலப்படும். அத்தகைய வலையமைப்பு ஒவ்வொரு சொற்கூற்றை வெளியிடும்போதும் மூன்றரை கிகாபைட் முழுவதையும் ஒருமுறை படித்தாக வேண்டும். 2021இல் வந்த என்விடியா ஆர்.டி.எக்ஸ். 3060 கார்டின் நினைவகப் பாதையில் நொடிக்கு 360 கிகாபைட் செல்லும். ஆதலின் நொடிக்கு நூறு கூறுகளுக்கு மேல் வெளிவர இயலாது. அதே வேலையைக் கார்டின்றி, டி.டி.ஆர்.4 வகை ரேம் இரண்டு பூட்டிய சாதாரணக் கணிப்பொறியில் செய்தால், பாதையின் அகலம் 51 கிகாபைட். கூறுகள் பதினான்கைத் தாண்டா. கணக்கிடும் சில்லை எவ்வளவு உயர்ந்ததாக மாற்றினாலும் இவ்வெல்லை நகராது. ரேம் வாங்கும்போது 16 கிகாபைட் கொண்ட ஒரே பட்டையை வாங்காமல் 8 கிகாபைட் பட்டைகள் இரண்டை வாங்கி உரிய துளைகளில் பொருத்தவேண்டும் என்று கூறுவதன் காரணமும் இதுவே. ஒரு பட்டையாயின் பாதை பாதியாகிவிடும். கடைகளில் இதனை எடுத்துச் சொல்வோர் குறைவு.

விளம்பர நோக்கமின்றி, விளக்கத்தின் பொருட்டு ஒரே கம்பெனியின் இரு கார்டுகளை ஒப்பிடலாம். மேற்கூறிய 3060 கார்டில் 3,584 கணக்கீட்டு அலகுகளும் 12 கிகாபைட் நினைவகமும் உள்ளன. அதற்குச் சிறிது முன்னர், 2020 டிசம்பரில் வந்த 3060-டி.ஐ. கார்டில் 4,864 அலகுகள், பாதையும் அகலம், விலையும் மிகுதி, ஆயின் நினைவகம் 8 கிகாபைட்டே. விளையாட்டுக்கு இரண்டாவது சிறந்தது என்பதில் ஐயமில்லை. இலைப் படங்களுக்கும் அதுவே விரைந்து வேலை செய்யும். 10 கிகாபைட் இடம் கேட்கும் மொழி வலையமைப்பு ஒன்றை முன்வைத்தாலோ, மெதுவான கார்டு மெல்ல வேலையை முடித்துவிடும். விரைவான கார்டு இடம் போதவில்லை என்று கூறி நின்றுவிடும். பெயரிலும் விலையிலும் உயர்ந்தது எல்லா வேலைக்கும் உயர்ந்ததாகாது. என்ன வேலை என்று தீர்மானிக்காமல் கடையேறுவோர் இதில்தான் ஏமாறுகின்றனர்.

மின்சார, மின்னணுப் பொருள்களுக்குப் பெயர்பெற்ற புணேயின் புத்வார் பேட்டைச் சந்துகளிலும் சரி, சென்னை ரிச்சித் தெருவிலும் சரி, ஒருவர் பயன்படுத்தி விற்ற பழைய கார்டு வாங்கலாமா என்ற எண்ணம் எழுவது இயல்பு. எடுத்துக்காட்டாக, 2014இல் வந்த டெஸ்லா கே-80 என்னும் கார்டு 24 கிகாபைட் எனக் கூறி மிக மலிவாகக் கிடைப்பதுண்டு. உண்மையில் அது பன்னிரண்டு பன்னிரண்டாக இரு சில்லுகளிடம் பிரிந்து கிடப்பது. கார்டில் விசிறி கிடையாது. பெரிய நிலையங்களில் பெட்டியினூடே வீசும் பலத்த காற்றை நம்பி அமைக்கப்பட்டது. வீட்டுப் பெட்டியில் பூட்டினால் சில நிமிடங்களில் கொதித்துப் போகும். போதாக்குறைக்கு, கூடா மென்பொருளின் 12ஆம் பதிப்பு அத்தலைமுறைச் சில்லுகளைக் கைவிட்டுவிட்டது. டிரான்ஸ்பியூட்டருக்கு நேர்ந்தது இதுவே. பழையதை வாங்குவோர் அதன் மென்பொருள் இன்னும் எத்தனை காலம் ஆதரிக்கப்படும் என்பதை முதலில் விசாரித்தல் நலம்.

மையச் செயலியையும் மதர்போர்டையும் பற்றி அதிகம் கூறவேண்டுவதில்லை. ஆறு கரு கொண்ட நடுத்தரச் செயலி போதும். கார்டைப் பூட்டும் நீண்ட துளை முழு அகலத்திலும் உண்மையாக இணைக்கப்பட்டதா என்பதையும், பின்னர் ரேம் சேர்க்கத் துளைகள் எஞ்சியுள்ளனவா என்பதையும் பார்த்துக்கொண்டால் சரி.

மின்சாரத்தைப் பற்றி மட்டும் சிக்கனம் கூடாது. கடைக்காரர்கள் எஸ்.எம்.பி.எஸ். என்னும் மின்வழங்கிப் பெட்டியில் பலர் பணத்தைக் குறைக்கின்றனர். கார்டுக்கு 170 வாட், செயலிக்கு 65 வாட், பிறவற்றையும் சேர்த்து 300 வாட் எனக் கொண்டால், 550 வாட் திறனுள்ள, பெயர் தெரிந்த கம்பெனியின் பெட்டி வாங்கவேண்டும். இரவு பகலாக ஒரு நாள் இயங்கினால் 7.2 யூனிட், ஐந்து நாள் பயிற்சிக்கு 36 யூனிட். ஏப்ரல், மே திங்களில் புணேயில் வெப்பம் 40 டிகிரியை எட்டுவதுண்டு. பெட்டிக்குள் காற்றோட்டம் இல்லையேல் கார்டின் சூடு 80 டிகிரியைத் தாண்டும்; தாண்டியதும் அது தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். கொடுத்த விலையில் ஒரு பங்கு இவ்வாறு வெப்பத்தில் கரையும். மின்தடை ஏற்படும் ஊர்களில், அரை மணிக்கு ஒருமுறை பயிற்சியின் நிலையைக் கோப்பில் எழுதி வைக்குமாறு நிரலில் ஏற்பாடு செய்வது, பெரிய யு.பி.எஸ். வாங்குவதினும் மலிவானது.

வட்டைப் பற்றியும் ஒரு சொல். பழைய சுழல்வட்டு, சிதறிக் கிடக்கும் சிறு கோப்புகளை நொடிக்கு நூறு என்ற அளவிலேயே எடுத்துத் தரும். 50,000 படங்களை ஒருமுறை சுற்றிவர எட்டு நிமிடங்களுக்கு மேலாகும். அதுவரை கார்டு சும்மா இருக்கும். எஸ்.எஸ்.டி. இத்தொல்லையை நீக்கும். செலவின்றியும் நீக்கலாம். கைப்பேசியில் எடுத்த படம் ஒவ்வொன்றும் மூன்று நான்கு மெகாபைட் இருக்கும். வலையமைப்போ பக்கத்துக்கு 224 புள்ளிகள் கொண்ட சிறு படத்தையே காண்கிறது. முன்கூட்டியே எல்லாவற்றையும் ஒருமுறை சிறிதாக்கி வைத்துக்கொண்டால் ஐம்பதாயிரம் படங்களும் ஒரு கிகாபைட்டை ஒட்டி அடங்கிவிடும்; முதற் சுற்றுக்குப் பின் அவை ரேமிலேயே தங்கிவிடும்.

புணேயின் பெரும் பொறிகளும் இன்று இக்கார்டுகளின் இனத்தைச் சேர்ந்தவையே. 2020 நவம்பரில் உலகப் பட்டியலில் 63ஆம் இடம் பெற்ற பரம் சித்தி-ஏ.ஐ. பொறி, என்விடியாவின் ஏ-100 சில்லுகளால் ஆனது. 2023 மே திங்களில் 75ஆம் இடம் பெற்ற ஐராவத் பொறியும் புணேயிலேயே உள்ளது.

அந்நகரத்தின் அருகே மாஞ்சரியில் தேசியத் திராட்சை ஆராய்ச்சி மையம் அமைந்துள்ளது. சுற்றிலும் திராட்சைத் தோட்டங்கள் மிகுந்த வட்டாரம். அங்குள்ள ஆசிரியர் ஒருவரோ, நம் கம்பம் பள்ளத்தாக்கிலுள்ள களப்பணியாளர் ஒருவரோ, திராட்சை இலையின் நோயை அறியப் பொறியொன்று அமைப்பதாகக் கொள்வோம். பயிற்சிக்கான படங்களுக்கு அவர் பெரும்பாலும் நாடுவது, எவரும் இலவசமாகப் பெறக்கூடிய பிளாண்ட்வில்லேஜ் தொகுதியையே. அதில் 14 பயிர்களின் 54,306 படங்கள் உள்ளன. 2016இல் வெளிவந்த ஆராய்ச்சியொன்றில், இத்தொகுதியைக் கொண்டு பயிற்றப்பட்ட வலையமைப்பு, அதே தொகுதியில் ஒதுக்கி வைத்த படங்களை 99 விழுக்காட்டுக்கு மேல் சரியாக இனங்கண்டது. வேறிடங்களிலிருந்து திரட்டிய படங்களைக் காட்டியபோதோ சரியான விடை 31 விழுக்காட்டளவே. தொகுதியிலுள்ள இலைகள் பறிக்கப்பட்டு, ஒரே நிறப் பின்னணியில் வைத்துப் படமெடுக்கப்பட்டவை. தோட்டத்தில் இலை அவ்வாறு தனித்துக் காட்சி தருவதில்லை.

இன்னொன்றும் உண்டு. அத்தொகுதியில் திராட்சைக்கு நான்கே வகைகள்: கருப்பு அழுகல், எஸ்கா, இலைக்கருகல், நோயற்ற இலை. மகாராஷ்டிரத்துத் திராட்சை விவசாயிகள் பெரிதும் அஞ்சும் அடிச்சாம்பல் நோய் அதில் இல்லை. அந்நோய் கண்ட இலையைக் காட்டினால், பொறி தெரியாது என்று சொல்லாது; தான் அறிந்த நான்கில் ஒன்றைத் துணிந்து கூறிவிடும். அதை நம்பி மருந்து தெளிப்பவருக்கு மருந்துச் செலவோடு அந்தப் பருவத்து விளைச்சலும் போகும். கார்டை எத்துணை உயர்த்தினாலும் இக்குறை தீராது.

ஆகவே கையிலுள்ள தொகையில், கார்டின் தரத்தை ஒருபடி குறைத்தேனும், படம் சேகரிக்கும் பயணங்களுக்கென ஒரு பங்கை ஒதுக்குவது உசிதம். அக்டோபர்க் கவாத்துக்குப் பின் மழை நீடிக்கும் நாள்களே அடிச்சாம்பல் நோய் பரவும் காலம். இலையின் மேற்புறத்தில் எண்ணெய் படிந்தாற்போன்ற மஞ்சள் புள்ளிகளும், நேர் கீழே அடிப்புறத்தில் வெண்ணிறப் பூசணமும் தோன்றும். எனவே ஒவ்வோர் இலைக்கும் மேற்புறம் ஒன்று, அடிப்புறம் ஒன்று என இரு படங்கள், கொடியினின்று பறிக்காமலே, காலையிலும் நண்பகலிலும் எடுத்துக்கொள்ளவேண்டும். நோயின் பெயரை ஆராய்ச்சி மையத்தினரிடமோ வேளாண்மை அலுவலரிடமோ காட்டி உறுதி செய்த பின்னரே படத்தின்மேல் குறிக்கவேண்டும். பத்துத் தோட்டங்களில் படமெடுத்தால், அவற்றுள் ஒரு தோட்டத்தின் படங்களைப் பயிற்சியில் சேர்க்காமல் முழுமையாக ஒதுக்கி வைத்து, பயிற்சி முடிந்ததும் அத்தோட்டத்து இலைகளைக் கொண்டு பொறியைச் சோதித்தல் வேண்டும்.